ஒரே வண்டியில் ஓடிய இரண்டு சம்பளம்

மதுரை புதூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, சாக்கில் கொட்டிக் கிடந்த ரப்பர் புஷ்களுக்கு (இரும்புப் பாகங்கள் உரசாமல் நடுவில் போடும் ரப்பர் வளையம்) முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். 1988, வைகாசி மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. கடச்சனேந்தலிலிருந்து நடந்தே வந்திருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று கேட்கத்தான் கூச்சம்.

"இது எதுக்குக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அம்பாசடருக்குப் போறது. பிசிறை வெட்டு, உடம்பை வெட்டிறாதே" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

பிரஸ்ஸில் சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மோல்டு என்கிற இரும்பு அச்சு இருக்கும். நூற்றைம்பது டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அழுத்தி வைத்துத் திறந்தால் ஒரு தடவைக்குப் பதினாறு புஷ் வரும். இட்லித் தட்டில் மாவு கூடிப்போனால் இட்லிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருமே, அது போல மெல்லிய ஜவ்வோடு வரும். அந்த ஜவ்வுதான் பிசிறு. ஆறுவதற்குள் வெட்டினால் கை சுடும், நன்றாக ஆறிவிட்டால் கத்தரிக்கோல் நழுவும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. நூறு பீஸுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. ஒரு வருஷம் கழித்துத்தான் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம். அப்போது பட்டறையில் இருபத்தாறு பேர். ஆண்கள் ரப்பர் அரைக்கும் மில்லிலும் பிரஸ்ஸிலும், பெண்கள் பிசிறு வெட்டும் மேஜையில். ராத்திரி சோறு பிசையும்போது விரல் இடுக்கில் கந்தக வாசனை வரும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

நான் செய்த பொருள் அந்த வண்டியின் அடியில் எங்கே போய் உட்காருகிறது என்று மூன்று வருஷம் எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்தார். 1984 மாடல் மார்க் 4 டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ரயில் நிலையம் பக்கம் ஸ்டாண்டு. பெண் பார்க்க வந்தபோது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். அம்பாசடர் புஷ் வெட்டுகிறேன் என்றேன். அவருடைய அம்மாவுக்கு அது பெரிய பொருத்தமாகத் தெரிந்துவிட்டது. ஜாதகத்தைக்கூட அதற்கப்புறம் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டில் இரண்டு சம்பளம். இரண்டும் ஒரே வண்டியில் ஓடுகிறது என்பதை அன்று நாங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம்.

ஒரு நாள் கொடைக்கானல் டிரிப் முடித்து ராத்திரி பதினோரு மணிக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து கிழிந்த புஷ் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் உட்காருகிற புஷ். கத்தரிக்காயை எண்ணெய்க் குழம்புக்குக் கீறிய மாதிரி ஒரு பக்கம் பிளந்திருந்தது.

"உங்க கம்பெனிச் சரக்குதான். நாலு மாசம்கூட வரலை. வத்தலக்குண்டு தாண்டி மேலே ஏறும்போது டக்கு டக்குன்னு ஒரே சத்தம். பார்ட்டி என்னை முறைக்கிறாரு."

டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளவு விளிம்பில் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் பொடியாக ஒரு வெட்டு. பிசிறோடு சேர்த்து உடம்பிலும் கத்தரிக்கோல் முனை பட்ட தடம். நானாக இருக்கலாம், பக்கத்து மேஜை அக்காவாகவும் இருக்கலாம். ரப்பரில் ஒரு மயிரிழை வெட்டு விழுந்தால் போதும், பாரம் ஏற ஏற அங்கிருந்துதான் கிழியும். மறுநாளிலிருந்து நான் வெட்டுகிற வேகம் குறைந்தது. மேஸ்திரி திட்டினார். கிழிந்த புஷ்ஷைக் காட்டினேன். அதற்கப்புறம் திட்டவில்லை. பத்து வருஷம் கழித்து எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு ராத்திரிப் பாடம்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஒரு இரும்பு ராக் இருந்தது. ஓடாத மோல்டுகளை அதில்தான் அடுக்குவார்கள். கீழ்த்தட்டில் துரு ஏறிய ஏழெட்டு மோல்டுகள், மேலே சாக்பீஸில் 'ஹெரால்டு' என்று எழுதியிருக்கும். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை ஹெரால்டு கார் செய்த காலத்தில் எங்கள் முதலாளியின் அப்பா செய்து வைத்தவை. நம் தமிழ்நாட்டில் செய்த கார் அது. அந்த ஆலை அப்புறம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தது. வெளி உடம்பு புதுசு, உள்ளே பழைய எஞ்சின், விலையும் கூட. 1988-இல் அதுவும் நின்றுபோனது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம்! மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ராக்கில் முதுகைச் சாய்த்துத்தான் தினமும் உட்காருவோம். ஒரு கார் செத்தால் அதன் மோல்டு எங்கே போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. பதினைந்து வருஷம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பாசடர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1957-இல் வந்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறும், கிரில் மாறும், விளக்கு மாறும். அடியில் படுத்துப் பார்த்தால் அதே பட்டைதான், அதே புஷ்தான். எங்கள் பட்டைப் புஷ் மோல்டின் பக்கவாட்டில் 71 என்று கொத்தியிருந்தது. 1971-இல் செய்த மோல்டு, முப்பது வருஷத்துக்குப் பிறகும் அதே அளவு, அதே பதினாறு குழி. முதலாளிக்கு மோல்டுச் செலவே இல்லை. கலெக்டர் ஆபீஸ் வண்டி, டாக்ஸி, மில் முதலாளி வண்டி, கல்யாண வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே சரக்கு. காசைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காருக்குக் காத்திருந்த காலம் அது. லைசென்ஸ் இல்லாமல் வேறு யாரும் கார் செய்ய முடியாது, செய்தவர்களும் கேட்டவுடன் கூட்டிச் செய்ய முடியாது. அந்த வண்டி மாறாமல் இருந்ததால்தான் எங்கள் உலை கொதித்தது. அது செத்ததும் மாறாமல் இருந்ததால்தான். இதை யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. நாங்களும் அதில் கூலி வாங்கியவர்கள்தானே.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது எங்கள் பக்கம் யாரும் பயப்படவில்லை. அது டாக்டர் வீட்டு வண்டி, அதில் ஆறு பேர் பழனிக்குப் போக முடியாது என்றார்கள். உண்மைதான். 1993-இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனபோதும் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தோம். 1994-இல் சுமோ வந்தது. திருமணக் கோஷ்டிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1998 கடைசியில் டீசல் இண்டிகா வந்ததும்தான் ஸ்டாண்டில் பேச்சு மாறியது. வீட்டுக்காரர் இண்டிகாவை மதிக்கவே இல்லை. "அதுல உட்கார்ந்தா எழுந்திரிக்க ஒரு ஆள் கை கொடுக்கணும்" என்பார். ஆனால் ஏ.சி. போட்டு, மைலேஜும் கொடுத்து, வாடகையும் குறைத்துக் கேட்டால் பார்ட்டி எதில் ஏறுவார்? ஒரு நாள் ஒரு குடும்பம் அவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "அம்பாசடரா? வேற வண்டி எதுவும் இல்லையா?" என்று கேட்டதாம். அன்று அவர் வாய் திறந்து சாப்பிடவில்லை.

எனக்கு அந்தச் செய்தி ஸ்டாண்டு வழியாக வருவதற்கு முன்னாலேயே மேஜை வழியாக வந்துகொண்டிருந்தது. நான்தான் படிக்கத் தெரியாமல் இருந்தேன். முன்பு ஐயாயிரம் புஷ் வெட்டிய மேஜையில் மூவாயிரம் ஆனது. ஓவர்டைம் நின்றது, நாங்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் நல்ல ஷீட் ரப்பர் குறைந்து, பழைய டயரை அரைத்துச் செய்யும் ரீக்ளைம் கூடியது. மில்லில் அரைக்கும்போதே வாசனை வேறாக இருக்கும், எரிந்த செருப்பு மாதிரி. விலையில் போட்டி போட முடியாத முதலாளி சரக்கில் கை வைக்கிறார் என்று அர்த்தம். ஸ்பேர் கடை பாய் முன்பு முப்பது நாளில் கொடுத்த பணத்தைத் தொண்ணூறு நாள் இழுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சரக்கும் அலமாரியில்தான் தூங்கியது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷமாகப் பட்டறைக்குப் புது மோல்டே வரவில்லை. இண்டிகாவுக்கோ சான்ட்ரோவுக்கோ ஒரு புஷ்கூட நாங்கள் செய்யவில்லை. அந்த வண்டிகளின் புஷ் இரும்புக் குழாயோடு ஒட்டி வரும், அதற்கு வேறு பிரஸ், வேறு பசை, சோதனைச் சீட்டு எல்லாம் வேண்டும். முதலாளி ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கிறது ஓடுறவரைக்கும் ஓடட்டும்" என்றார்.

இன்று யாராவது என்னிடம் வந்து எங்கள் கம்பெனி நன்றாக ஓடுகிறதா என்று தெரியவில்லை என்றால் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். கடைசியாகப் புது மோல்டோ புது மிஷினோ எப்போது வந்தது? சரக்கு வாங்குகிறவர் எத்தனை பேர்? பெயிண்ட் அடித்தார்களா, ஆயுத பூஜைக்கு எவ்வளவு பெரிய பொட்டலம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. எங்கள் பட்டறையில் கடைசி ஆயுத பூஜைக்குத்தான் ஸ்வீட் பாக்ஸ் பெரிதாக இருந்தது!

2004 பொங்கல் லீவு முடிந்து போனால் கேட்டில் பூட்டு. நோட்டீஸ் இல்லை. வாட்ச்மேன் தாத்தா மட்டும் வெளியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. அப்போது பதினோரு பேர்தான் மிச்சம் இருந்தோம், அதில் ஏழு பேர் பெண்கள்.

இனி சொல்வது வேலை பார்க்கிற எல்லோருக்கும் உபயோகப்படலாம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பூட்டைப் பார்த்து அழுததும் மண்ணை வாரித் தூற்றியதும் முதல் வாரம். இரண்டாவது வாரம் எங்களில் மூத்த அக்கா ஒருவர், "யார் யாரிட்ட சம்பளச் சீட்டு இருக்கு?" என்று கேட்டார். ஏழு பேரில் மூன்று பேரிடம்தான் இருந்தது. நான் ஒன்று விடாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிப் போட்டு வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, தூக்கிப் போட மனசு வராததுதான் காரணம். அந்தச் சீட்டுகளைக் கொண்டுபோய்ப் பி.எஃப். கணக்கோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசிப் பதினான்கு மாதம் எங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறவே இல்லை. என் சம்பளம் 1,950 ரூபாய், அதில் மாதம் 234 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். சீட்டில் பிடித்ததாக இருக்கிறது, கணக்கில் இல்லை. இந்த ஒரு தாள்தான் சாட்சி. சீட்டு இல்லாதவர்களுக்கு எங்கள் சீட்டுகளையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் வைத்து, இவரும் எங்களோடு வேலை பார்த்தவர்தான் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லோரும் சேர்ந்து ஒரே மனு. பணம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது, ஆனால் வந்தது.

முதலாளியின் ஆடிட்டர் ஒரு தடவை எங்களிடம், "இப்ப பதினோரு பேர்தானே இருக்கீங்க, இருபதுக்குக் கீழே போனா பி.எஃப். சட்டமே கிடையாது" என்றார். நாங்கள் நம்பிவிட்டோம். அது தப்பு. ஒரு தடவை சட்டத்துக்குள் வந்த பட்டறை, ஆள் குறைந்துவிட்டது என்பதற்காக வெளியே போய்விட முடியாது.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது வேலை பார்த்த வருஷங்களுக்காகக் கடைசியில் கொடுக்கும் பணம். ஐந்து வருஷம் முடித்தவருக்கு, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை எத்தனை வருஷம் வேலை பார்த்தோமோ அத்தனையால் பெருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு ஒரு வருஷத்துக்கு 1,125 ரூபாய். ஆடிட்டர் பதினைந்து வருஷம் என்று போட்டு 16,875 எழுதியிருந்தார். நான் சேர்ந்தது 1988 வைகாசி, மூடியது 2004 தை. பதினைந்து வருஷமும் ஏழெட்டு மாதமும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருஷமாக எடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் சொன்னார்கள். பதினாறு வருஷம், 18,000 ரூபாய். அந்த 1,125 ரூபாய்க்காக மூன்று தடவை பஸ் ஏறினேன். வீட்டுக்காரர், "இதுக்குப் போய் இவ்வளவு அலைச்சலா?" என்றார். சரி, என் ஒரு வருஷத்தை அவர்கள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வக்கீல் வைக்கவில்லை, மனு எழுதிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். ஆலையை மூடினால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தனியாக உண்டு, அது கிராஜுவிட்டியில் சேராது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள்.

எங்களில் ஒருவருக்கு எட்டு வருஷ சர்வீஸ். மகள் சடங்கு வந்துவிட்டது, பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டார். பத்து வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கலாம். எடுக்காமல் அதற்கு ஒரு ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தால், அடுத்த கம்பெனி சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளலாம். அவர் அதற்கப்புறம் ஒரு மில்லில் ஏழு வருஷம் வேலை பார்த்தார். எட்டும் ஏழும் பதினைந்து. ஆனால் பென்ஷன் கணக்கில் வெறும் ஏழு. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு வார்த்தை சொல்ல அன்று யாரும் இல்லை.

வீட்டுக்காரர் கதையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு இதைப் படித்தால் பிடிக்காது. 2007 வரை அந்த வண்டியை வைத்திருந்தார். கடைசி இரண்டு வருஷம் அது சம்பாதித்ததைவிடத் தின்றதுதான் அதிகம். 2001-இல் எழுபதாயிரத்துக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கடைசியில் முப்பத்திரண்டாயிரத்துக்குப் பழைய வண்டி வாங்குகிறவர் வந்து எடுத்துப் போனார். ஜாக்கியும் ஸ்டெப்னியும் அந்த விலையில் சேருமா சேராதா என்று அரை மணி நேரம் வாசலில் சண்டை. ஜாக்கி இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அப்புறம் ஆக்டிங் டிரைவராகப் போனார். இன்னொருவருடைய இன்னோவாவில், ஏ.சி.யில், "இந்த வண்டில ரோடே தெரிய மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டே இப்போதும் போகிறார்.

நான் அவரைப் போலப் பிடிவாதம் பிடிக்கவில்லை என்று பெருமை அடிக்க முடியாது. பட்டறைச் சாமான்களைப் பழைய இரும்புக்காரர் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். கிலோ 14 ரூபாய். மோல்டுகள் குவியலாகக் கிடந்தன. என் கை நேராகப் போனது அந்த 71 எழுதிய பட்டைப் புஷ் மோல்டுக்குத்தான். பக்கத்தில் யாருமே தொடாத ஒன்று கிடந்தது. மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங்குக்குப் போடும் ரப்பர் புஷ். வருஷத்துக்கு இரண்டு தடவை ஓட்டுவோம், அவ்வளவுதான். எந்த ஊரில் தண்ணீர் மோட்டார் இல்லை? எந்தக் கம்பெனி மூடினாலும் கிணறு மூடாது. இரண்டையும் வாங்கினேன். ஒன்று மனசுக்கு, ஒன்று வயிற்றுக்கு.

மிஷின் இல்லை. தெரிந்த வேறு பட்டறையில் பிரஸ் கூலிக்குக் கொடுத்து ஓட்டி, சாக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிறு நானே வெட்டினேன். அந்தக் கிழிந்த புஷ் பாடம் இங்கேதான் வந்து நின்றது. கப்ளிங் புஷ்ஷில் வெட்டுத் தடம் இருந்தால் மோட்டார் சுற்றச் சுற்ற அதுவும் கிழியும். என் சரக்கில் கிழிகிறது என்ற புகார் வரவில்லை. அதே ஸ்பேர் கடை பாய், "தங்கச்சி, உன் பீஸ் திரும்பி வர்றதில்லையே" என்றார். நான் அப்போது கேட்டது ஒன்றுதான், பணம் முப்பது நாளில் வேண்டும். தொண்ணூறு நாள் கடனில் ஒரு பட்டறை எப்படிச் சாகும் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

2009-இல் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் சுயதொழில் திட்டத்தில் கடன் எடுத்து ஒரு பழைய பிரஸ் போட்டேன். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு அப்போது அதில் 35 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். பழைய கம்பெனி சர்வீஸ் சர்டிஃபிகேட்டை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தது, எனக்கு இந்த வேலை தெரியும் என்று காட்ட உதவியது. கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 2012 மின்வெட்டில் மோல்டு பாதி வெந்த நிலையில் கரண்ட் போய், சாக்கு சாக்காக வீணாகப் போனது தனிக் கதை.

2014 மே 24-ஆம் தேதி உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்தி வைக்கப்படுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு 24,000 அம்பாசடர் செய்த ஆலை, கடைசி வருஷம் 2,200 சொச்சம்தான் செய்திருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள். நான் அன்றைக்கும் கத்தரிக்கோலோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேட்டில் ஒரு தாளாவது ஒட்டினார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஆலையோடு சேர்த்து புதூரிலும் இன்னும் எத்தனையோ ஊரிலும் பூட்டிய பட்டறைகளை யாரும் எண்ணவில்லை, நாங்கள் பத்து வருஷம் முன்னாலேயே அந்தக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டோம். 2017-இல் அம்பாசடர் என்கிற பெயரை மட்டும் பிரெஞ்சுக்காரக் கம்பெனி பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கு 80 கோடி! கிலோ 14 ரூபாய்க்கு மோல்டு வாங்கியவளுக்குச் சிரிப்பு வராதா?

அந்த மோல்டும் சும்மா கிடக்கவில்லை. வண்டி நின்றுபோன பிறகுதான் பட்டைப் புஷ் கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். பழைய கார் வளர்க்கிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். 2016-இல் பாய் மூலமாகக் கல்கத்தா மஞ்சள் டாக்ஸிக்கு ஐந்நூறு போனது. அங்கேயும் பதினைந்து வருஷம் தாண்டிய டாக்ஸியை ஓட்டக் கூடாது என்பதால் அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, பிரஸ் சும்மா இருக்கிற நாளில் ஓட்டுவேன். அதை நம்பி ஒருவரையும் வேலைக்கு வைக்க மாட்டேன்.

இப்போது நான்கு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர் கொக்கிக்கு நல்ல ஆர்டர் இருக்கிறது, மாதச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். ஆனால் பேட்டரி வண்டிக்குச் சைலன்சர் கிடையாது. பெட்ரோல் பைப் கிடையாது, கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் இப்போது மாதிரி இருக்காது. சக்கரத்துக்கு மேலே உட்காருகிற புஷ்ஷும் கதவு பீடிங்கும் இருக்கும், அந்த வண்டி கனம் கூட என்பதால் புஷ் இன்னும் உறுதியாகவே கேட்பார்கள். அதனால் போன வருஷம் மோல்டுக்கு ஒதுக்கிய பணத்தை இரும்புக் குழாயோடு ஒட்டுகிற புஷ்ஷில் போட்டேன். எங்கள் முதலாளி செய்ய மறுத்த அதே வேலை. முதல் மூன்று லாட் பசை பிடிக்காமல் உரிந்து வந்தது. நாலாவது நின்றது.

என் மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வியைச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பையன் ஆஸ்பத்திரி வேலை இல்லையே?" என்று கேட்டேன். ஒரே தொழிலில் இரண்டு பேரும் நிற்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியதை வேறு எப்படிக் கேட்பது?

அக்கா மகன் மேலூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாகச் சொன்னபோது, "சித்தி, அது வேற கம்பெனி, எங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றான். போன வாரம் போன் பண்ணினான். மூன்று ஷிஃப்ட் இரண்டாகிவிட்டதாம், ஓவர்டைம் இல்லையாம், ரூமில் நிம்மதியாகத் தூங்குகிறானாம்.

"எத்தனை பேருக்குடா உங்க கம்பெனி சரக்கு கொடுக்குது?"

"ஒரே பார்ட்டிதான் சித்தி. பெரிய பார்ட்டி."

பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் திறந்து படம் அனுப்பச் சொன்னேன். ராத்திரி அனுப்பினான். கண்ணாடி போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே பார்த்தேன். ஜூலை இருக்கிறது, ஆகஸ்ட் இருக்கிறது, அதற்கப்புறம் இரண்டு மாதம் காலி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு. அதெல்லாம் மெயிலில்தான் வரும் சித்தி என்கிறான். பிரிண்ட் போட்டு எடுத்துவா என்று சொல்லிவிட்டேன்.